இஞ்சின் இல்லாத ஏரி

அந்த அல்லிக்கூட்டம் வரட்டும், வந்ததும் சொல்லிவிடலாம் என்று தவமலர் நினைத்தாள். அல்லிக்கூட்டம் வந்தது. படகின் மூக்கு இலைகளை உரசிக்கொண்டு போனது, புதுச் சேலையை உதறி மடிக்கும்போது வருமே ஒரு சத்தம், அப்படி. அவள் சொல்லவில்லை. சரி, அந்தச் சாய்ந்த பைன் மரம், அதன் நிழலுக்குள் போனதும் கட்டாயம். முதுகுக்குப் பின்னால் அவள் புருஷன் குலேந்திரன் தூண்டிலை வீசினார். ரீலிலிருந்து தங்கூசி நூல் கழன்று ஓடும் விர்ர், பிறகு எங்கோ தள்ளித் தண்ணீரில் சின்னதாக ஒரு டொப், அதன் பிறகு ஒன்றுமேயில்லை. பற்றரி மோட்டர் ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை, கரை மட்டும் தன்பாட்டில் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. கனடாவின் இந்த டன்னிங் ஏரியில் பெற்றோல் இஞ்சின் ஓட்டக் கூடாது. படகு இறக்குகிற இடத்திலேயே பலகை அடித்து எழுதியிருக்கிறார்கள்: துடுப்பு வலிக்கலாம், பற்றரி மோட்டர் பூட்டலாம், மற்றதெல்லாம் வெளியே. ஸ்காபரோவிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியாலம் காரோடி, சுற்றி நடந்தால் ஒரு காலை நேரத்துக்குள் முடிந்துவிடுகிற இந்தக் குட்டி ஏரிக்கு இந்த மனுசன் இத்தனை வருஷமாக ஏன் வருகிறார் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருக்கிறாள், கேட்காமல் என்ன, கஞ்சத்தனம் என்று பதிலையும் தானே சொல்லிக்கொண்டு விட்டிருக்கிறாள். இஞ்சின் வாங்கக் காசு விட மனம் வராத மனுசன். இன்றோடு அதுவும் முடிகிறது. பின்னேரம், படகை விலைக்குக் கேட்ட சுகிர்தன் அவர்கள் வீட்டுக்கு வந்து அதை இழுத்துக்கொண்டு போய்விடுவான். அதற்குப் பிறகு வீட்டையும் விற்பது, அதற்குப் பிறகு அவருடைய ஊரான மயிலிட்டி. ஆமி பிடித்திருந்து திருப்பி விட்ட காணிக்குள் குலேந்திரனுடைய தகப்பன் கட்டின வீட்டின் இரண்டு சுவர் இன்னும் நிற்கிறதாம், கிணறு இருக்கிறதாம். திரும்பிப் போய் அங்கேயே இருந்துவிட வேண்டும் என்கிறார். நீர் என்ன சொல்லுறீர் என்று மாசிப் பனிக்குள் கேட்டார், இப்போது ஆடி பிறந்துவிட்டது. அவள் சொல்லாமல் இருந்ததை ஓம் என்று எடுத்துக்கொண்டார் போல, படகை விற்கப் பேசிவிட்டார். கடைசியாக ஒருக்கால் வாரும் என்று கூப்பிட்டார், அவளும் முழங்கால் நோவைச் சொல்லாமல் வந்து ஏறிவிட்டாள். பைன் மரத்தின் நிழல் குளிர்ந்து அவள் மடியில் ஏறி, தோளில் ஏறி, கழன்று போனது. சொல்லவில்லை.

சுகிர்தன் காலையில் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். படகை இறக்கக் கைகொடுக்க அவனும் தன் காரில் வந்திருந்தான், வாங்கப்போகிற சாமானைத் தண்ணீரில் பார்த்ததாகவும் இருக்குமே என்று. குலேந்திரன் காரை நிறுத்தப் போன இடைவெளியில், அவளுக்கு மிதப்புச் சட்டையின் கொளுவியைப் பூட்டிவிட்டுக்கொண்டே, பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்கிற மாதிரிச் சொன்னான். "அக்கா, அண்ணையை நான் எத்தினை தரம் சிம்கோ ஏரிப் பக்கம் கூப்பிட்டிருப்பன். என்ர படகில நூற்றைம்பது குதிரை இஞ்சின் கிடக்கு, பெரிய பெரிய மீன் கிடக்கு, வாங்கோ எண்டு. வரமாட்டார். இஞ்சின் சத்தம் அவவுக்குச் சரிவராது தம்பி எண்டுவார். அக்காதான் இப்ப வாறேல்லையே அண்ணை எண்டால், எண்டைக்காவது வாறன் எண்டு சொல்லுவா, அந்த நேரம் நான் இடம் தேடிக்கொண்டு நிக்கக் கூடாது எண்டுவார்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள், சிரித்த வாயை மூட நேரமெடுத்தது. அதற்குள் குலேந்திரன் வந்து, தண்ணிப் போத்தில் எடுத்தனீரோ என்று கேட்க, எடுத்தனான் என்றாள். இப்போது அந்த வார்த்தைகள் தலைக்குள் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு, உடுப்பு முள்ளில் மாட்டினதுபோல, அந்தப் பக்கம் இழுத்தாலும் இந்தப் பக்கம் இழுத்தாலும் வரமாட்டேன் என்கின்றன. எண்டைக்காவது வாறன் எண்டு சொல்லுவா. பன்னிரண்டு வருஷமோ கூடவோ அவள் இந்தப் படகில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடைத்தது, வேலை விட்டபின் கோயில், கோயில் விட்டபின் முழங்கால். அவர் தனியாக வந்து, தனியாக இந்த இலைகளுக்குள் புழு எறிந்து, தனியாகத் திரும்பினார், வேறு எங்கேயும் போகாமல். மயிலிட்டியில் பிறந்தவர். தகப்பனுக்கு மூன்று வள்ளம், மூன்றிலும் இஞ்சின், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எண்ணெய்க் கையோடு இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பாராம். கடலில் தூரத்தில் வருகிற வள்ளம் ஆருடையது என்று கரையில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லுவாராம், இது செபமாலையின்ர யமஹா, ஒரு பிளக் பிழைச்சுப்போச்சு என்று. அப்படிப்பட்ட மனுசன்.

அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் இருந்ததோ, தெரிந்ததைத் திருப்பிப் பார்க்காமல் வைத்திருந்தாளோ. கனடாவுக்கு வந்த முதல் கோடை. கலியாணம் கட்டி மூன்று மாதம், இன்னும் அவர் முகத்தை நேரே பார்த்துப் பேசப் பழகவில்லை. அவரோடு வேலைசெய்த கயானாக்காரன் ஒருவன் தன் படகில் பெரிய ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கரையை விட்டு இறங்கி அவன் இஞ்சினை முடுக்கினதுதான், அவள் படகின் விளிம்பைப் பிடித்தாள். பிடித்த கை வெளுத்துப்போனது. பிறகு சத்தி எடுத்தாள். கடல் கண்ட ஆள் இல்லையோ என்று அந்த மனுசன் இங்கிலீசில் கேட்டுச் சிரித்தான். திரும்பி வரும்போது காருக்குள் வைத்து, ஒருதரம், ஒரே ஒருதரம், குலேந்திரனுக்குச் சொன்னாள். கிளாலிக் கடலேரியால் கொழும்புக்கு வெளிக்கிட்ட கதையை. அம்மா அவளைக் கலியாணத்துக்கு வழியனுப்பக் கொழும்பு வரை வருகிறேன் என்று கூட வந்தா. இஞ்சின் பூட்டின படகு ஒன்று, அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுபடுகிற படகுகள். இஞ்சின் படகில் ஒரு இடம்தான் இருந்தது. நீ ஏறு பிள்ளை, சேலை நனையப்போகுது என்று அம்மா பின்படகில் ஏறிக்கொண்டா. விடியப்போகிற வெளிச்சத்தில் தூரத்தில் நேவியின் இஞ்சின் சத்தம் கேட்டது, முதலில் தேன்பூச்சி மாதிரி, பிறகு பக்கத்தில். ஓட்டி கத்தினான், ஆரோ கயிற்றை வெட்டினார்கள். அவளுடைய படகின் இஞ்சின் வெறிபிடித்ததுபோல அலறிக்கொண்டு பாய்ந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தபோது அம்மா எழும்பி நின்றா, வாயைத் திறந்து ஏதோ சொன்னா. என்ன சொன்னா என்று இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு அந்தப் படகில் இருந்த ஒருவரையும் யாரும் காணவில்லை. இவ்வளவுதான் சொன்னாள். குலேந்திரன் காரை ஓட்டிக்கொண்டே இருந்தார், ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை, அப்போது அவளுக்குக் கோபமாக இருந்தது, என்ன கல்லு மனுசனைக் கட்டினேன் என்று. அடுத்த கிழமை, வேறொரு இடம் இருக்கு, அங்க காசும் குறைவு, மீனும் கூட என்று சொல்லி இந்த ஏரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். துடுப்பு வலித்தார். காசு குறைவு என்றுதான் சொன்னார், அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். வீட்டில் பனி தள்ளுகிற மெஷினை அவள் வேலைக்குப் போன பிறகுதான் ஸ்டார்ட் பண்ணுவார். கணுக்கால் அளவு பனிக்குள் பஸ்ஸுக்கு நடந்து போகும்போது, நேரத்தோடு எழும்பித் தள்ளிவிட்டால் என்ன, சோம்பேறி என்று திட்டிக்கொண்டு போவாள். எத்தனை மாரி அப்படித் திட்டிக்கொண்டே போனாள்! பின்னேரம் வந்து பார்த்தால் வாசல் துடைத்துவிட்டமாதிரி இருக்கும்.

ஒரு தும்பி வந்து அவள் முழங்காலில் இருந்தது, நீல ஊசி போல. தண்ணீர் வெய்யிலைப் பிடித்துப் படகின் உள்விளிம்பில் ஆடவிட்டது. இந்த ஆட்டம், இதே ஆட்டம், மகள் சாம்பவியின் கன்னத்தில் ஆடியிருக்கிறது. அப்போது அவளுக்கு நாலு வயது, தம்பி துளசன் மடியில். படகு கொள்ளாத சனம். கட்டுச்சம்பலும் பாணும், போத்தலில் தேத்தண்ணி, பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி முந்திரிகை. அதற்கும் முந்தி, வந்த முதல் கோடையில், முதல் பாஸ் மீனைக் குலேந்திரன் தூக்கிக் காட்டினபோது, என்ன இது, இவ்வளவு பெரிய வாய், வாய்க்குள்ளே தலை இருக்கிறதா தலைக்குள்ளே வாய் இருக்கிறதா என்று அவள் கேட்டாள், அவர் படகு குலுங்கச் சிரித்தார். அதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்ட முதல் தரம். கொண்டுபோய்க் காய்ச்சினால் குழம்பு முழுக்கச் சேற்று மணம். அடுத்த தரம் மஞ்சளும் பழப்புளியும் போட்டு ஊறவைத்துப் பொரித்தாள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி, "விளைமீன் தோத்துப்போகும்" என்றார். பச்சைப் பொய். அந்தப் பொய்யைக் கேட்கத்தான் பிறகு ஒவ்வொரு கோடையும் பொரித்தாள். கிழமை முழுக்க மஃபின் தொழிற்சாலையில் மெஷின்களின் இரைச்சல், பஸ்ஸின் இரைச்சல், பக்கத்து அப்பாட்மெண்டில் சண்டை. ஞாயிறு காலமை இந்தத் தண்ணீரில் இறங்கினதும் ஆரோ காதுக்குள் இருந்து பஞ்சை எடுத்துவிட்டதுபோல இருக்கும். மரங்கொத்தி கொத்துவது கேட்கும், பிள்ளை மூச்சு விடுவது கேட்கும். லூன் என்று சொல்லுகிற அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை அழுவதுபோல ஒரு கூவல் கூவினால், சாம்பவி திருப்பிக் கூவுவாள். பிள்ளைகள் நித்திரையாகிப்போன ஒரு மத்தியானம், அவர் துடுப்பை விட்டுவிட்டுப் படகைத் தன்பாட்டில் மிதக்கவிட்டு, ஒன்றும் பேசாமல் அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார், நின்று நின்று வேலைசெய்து வீங்கின கால். ஊர் நிலாவையும் கடலையும் நினைத்து எல்லோரும் ஏங்குகிறார்கள். அவளுக்கு ஏக்கம் என்றால் அந்த மத்தியானம்தான். அது அவள் பிறந்த மிருசுவிலில் நடக்கவில்லை, மயிலிட்டியில் நடக்கவில்லை. இந்தத் தண்ணீரில், அதோ அந்தப் பாறைக்குப் பக்கத்தில் நடந்தது. இதை எப்படி ஒரு மனுசனுக்குச் சொல்லுவது. நான் வரமாட்டேன் என்றால், தகப்பனுடைய காணியை விட இந்தக் குட்டை உமக்குப் பெரிதா என்று கேட்கமாட்டாரா. கேட்டால் ஓம் என்று சொல்ல வாய் வருமா.

"இஞ்சேரும், அசையாதையும்," என்றார் பின்னாலிருந்து. தங்கூசி விறைத்துக்கொண்டு இலைகளுக்கு அடியில் வெட்டியது. தண்ணீர் ஒருதரம் வெடித்தது. பச்சை முதுகு, அந்த வாய். படகு மெல்லத் திரும்பி மீனோடு போனது. அவர் அவசரப்படவில்லை, விட்டார், பிடித்தார், விட்டார். பிறகு அவள் தோளுக்குப் பக்கத்தால் ஈரமாக ஒரு கை வந்து மீனைக் காட்டியது. "நல்ல சாமான்," என்றார். குரலில் பழைய சந்தோஷம். "வைச்சிருக்கவோ, விடவோ?" வைத்திருங்கோ பொரிக்கிறன் என்று சொல்ல வாயெடுத்தாள். இதுதான் கடைசி மீன் என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்து விழுந்தது. "விடுங்கோ," என்றாள். அவர் குனிந்து மீனைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தார், அது செவுளை அசைத்து அசைத்துத் தெளியும்வரை, பிறகு கை வெறுமையாகிவிட்டது. மயிலிட்டித் துறையில் இப்போது காலமையில் எத்தனை படகு வெளிக்கிடுகிறதோ. அறுபதோ எழுபதோ என்று போன வருஷம் போய்வந்த கையோடு சொன்னார். எல்லாம் பைபர் படகு, எல்லாம் வெளியிணைப்பு இஞ்சின், விடியமுன்னம் ஒவ்வொன்றாக முடுக்குவார்களாம், வீட்டுப் படியில் நின்றால் கேட்குமாம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, அவளைப் பார்த்ததும் அவிந்துபோனது. அவள் அதைக் கண்டாள். ஒவ்வொரு விடியலும் அந்தச் சத்தம். ஒவ்வொரு விடியலும் அம்மா எழும்பி நின்று வாயைத் திறப்பா. பழகிவிடும், எல்லாம் பழகிவிடும்தானே, பழகாவிட்டால்? இந்த மனுசன் ஒரு வாழ்க்கை முழுக்க வாயை மூடிக்கொண்டு தன் ஆசையை எனக்காக விட்டுவைத்தாரென்றால், நான் இருக்கிற மிச்சத்தை அவருக்காக விட்டுக்கொடுக்க வேண்டாமா? சுகிர்தன் சொல்லாமல் இருந்திருக்கலாம், தெரியாமல் இருந்தால் கோபமாக மறுத்திருக்கலாம், கஞ்சன், கல்லு மனுசன், தன்ர ஊர்தான் அவருக்கு என்று. இப்போது கோபம் எங்கே என்று தேடினாள், கிடைக்கவில்லை, கோபம் இல்லாமல் ஒரு ஆள் எப்படி மாட்டன் என்று சொல்லுவது. காற்று சற்றே திரும்பியது. அவளுக்கு முன்னால் தண்ணீர் மட்டும் இருந்தது, அவர் முகம் இல்லை. அதுதான் வசதியோ என்னவோ, வாய் தானாகத் திறந்தது.

"இஞ்சேருங்கோ."

"ம்."

"நான் வரேல்ல."

ரீல் சுற்றுகிற சத்தம் நின்றது. "எங்க?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

"மயிலிட்டிக்கு."

படகு கொஞ்சத்தூரம் தன்பாட்டில் போனது. "இஞ்சின் சத்தத்துக்கோ?" என்றார். குரல் சின்னதாக இருந்தது. ஓம் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது, அதற்குமேல் அவர் ஒரு சொல் கேட்கமாட்டார். அந்த ஓம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அம்மாவை எடுத்து வாசலில் குறுக்கே போட்டமாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

"அதுமட்டும் இல்லையப்பா. எனக்கு அங்க ஆர் இருக்கினம்? நான் சீவிச்சது இஞ்சதான். என்ர பிள்ளையள் பிறந்தது, நான் சிரிச்சது, நீங்கள் என்ர காலைப் பிடிச்சுவிட்டது, எல்லாம் இஞ்சதான். நான் இதை விட்டிட்டுப் போய் அங்க இருந்து இதை நினைச்சு அழவோ?"

பின்னால் தூண்டில் பலகையில் தட்டென்று இறங்கியது. கோபப்படுகிறார் என்று நினைத்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "போன வருஷம் போய் எங்கட வளவுக்குள்ள நிண்டனான்," என்றார். "ஒரு பெடியன் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு, ஐயா ஆரைத் தேடுறியள் எண்டு கேட்டான். என்ர அப்பற்ற வளவுக்குள்ள நிண்டுகொண்டு நான் ஆரைத் தேடுறன் எண்டு சொல்ல? சும்மா பாக்க வந்தனான் தம்பி எண்டிட்டு வெளிய வந்திட்டன்."

இதை அவர் சொல்லவேயில்லை. படங்களைக் காட்டினார், கிணற்றைக் காட்டினார், இதைச் சொல்லவில்லை. "பிறகேன் போகவேணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறியள்?"

"என்னெண்டு சொல்லுறது," என்றார். "உமக்குச் சொல்லக் கூடாது. அந்தச் சத்தம் கேக்கவேணும்போல கிடக்குதப்பா. விடியக்காலமை துறையில வள்ளங்கள் வெளிக்கிடுற சத்தம். படுத்துக் கிடந்து கேக்கவேணும். அவ்வளவுதான்."

தும்பி எப்போது போனது என்று தெரியவில்லை. அவள் நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் ஒருதரம் எழும்பி, கயிறு வெட்டுப்பட்டு, அம்மாவின் வாய் திறந்தது. அதே சத்தத்தில் ஒரு பையன், எண்ணெய்க் கையோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியவில்லை, ஒன்றை எடுத்தால் மற்றது விழுந்தது. அவருக்கு அது தாலாட்டு. அதை இவ்வளவு காலமும் வாய்க்குள் அடக்கிக்கொண்டு பற்றரியில் ஊர்ந்திருக்கிறார். "போங்கோ," என்றாள். சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது. "மாரிக்குப் போங்கோ. சுவருக்கு ஒரு கூரையைப் போட்டு, ஆசை தீர இருந்து கேளுங்கோ. இஞ்ச ஐஸ் உருகேக்க வந்திடுங்கோ. நான் வரமாட்டன், நீங்கள் போகாமலும் இருக்க வேண்டாம்."

"நீர் தனிய எப்பிடி?"

"தனியத்தான். நீங்கள் இவ்வளவு காலமும் இந்த ஏரியில தனியத்தானே நிண்டனீங்கள்."

சுகிர்தன் சொல்லியிருப்பான் என்று அவருக்கு விளங்கியிருக்கும். "படகு?" என்று கடைசியில் கேட்டார். "அவனுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"அவனுக்கு நான் சொல்லுறன். படகு நிக்கட்டும். நீங்கள் வரப் பிந்தினால் நான் வந்து இதில இருப்பன்." பிறகு, "எனக்கு மோட்டர் பிடிக்கக் காட்டித் தாங்கோ," என்றாள்.

"இப்பவோ?"

"வேற எப்ப?"

"எழும்பாதையும்," என்றார் அவசரமாக. "குந்திக்கொண்டு வாரும். ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கொண்டு." அவள் திரும்பினாள். காலமையிலிருந்து முதுகுக்குப் பின்னால் மட்டும் இருந்த மனுசன் முன்னால் வந்தார், தொப்பியைக் கழற்றியிருந்தார், நரைத்த தலை வியர்த்து ஒட்டியிருந்தது, கண்ணை அவள் பார்க்கவில்லை, அவரும் காட்டவில்லை. முழங்கால் சுரீர் என்றது. அவர் அந்தப் பக்கத்திலிருந்து குந்தி நகர்ந்தார், அவள் இந்தப் பக்கத்திலிருந்து. படகின் நடுவில் இருவரும் சந்தித்தபோது இரண்டுபேரும் ஒரே பக்கம் விலகினார்கள், படகு சரிந்தது, தண்ணீர் விளிம்பைத் தொட்டது. "ஐயோ," என்று அவள் அவருடைய இரண்டு முழங்கைகளையும் பிடித்தாள், அவர் அவளுடைய தோள்களைப் பிடித்தார். "பொறும், பொறும், அசையாதையும்." படகு இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. நின்றபிறகும் இருவரும் விடவில்லை. இரண்டு மிதப்புச் சட்டைகளும் முட்டிக்கொண்டு நின்றன. மீனும் சேறும் வியர்வையும் கலந்த அவருடைய மணம். "இப்ப நீர் வலப்பக்கத்தால வாரும், நான் இடப்பக்கத்தால," என்றார். "ஆரின்ர வலப்பக்கம்?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் படகு ஆடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார், அதில் தோள் குலுங்கி, படகு ஆடத்தான் செய்தது.

அவள் பின்பலகையில் இருந்தபோது அதில் அவருடைய சூடு இருந்தது. மோட்டரின் கைபிடியைப் பிடித்தாள். "எந்தப் பக்கம் போகவேணுமோ அதுக்கு மற்றப் பக்கம் தள்ளும்," என்றார். தள்ளினாள். படகு ஒரு வட்டம் அடித்தது, அடுத்த வட்டமும் அடித்தது, பிறகு தயங்கித் தயங்கி நேரானது. மோட்டர் ஓடுகிறதா என்று காதைக் கொடுத்தாள், அடியில் எங்கோ ஒரு மெல்லிய முனகல், உள்ளங்கையில்தான் தெரிந்தது. குலேந்திரன் முன்பலகையில் இருந்தார், ஆனால் ஏரியைப் பார்த்து இருக்கவில்லை, அவளைப் பார்த்து இருந்தார். முன்னால் பாறை வருகிறதா, மரம் கிடக்கிறதா என்று அவள்தான் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது.